எரிமீன் விழுந்த இடம்

டிசம்பர் இரண்டாம் வாரம் வந்தால் போதும், என் வாட்ஸ்அப்பில் ஒரே வகையான படங்கள் வந்து குவியும். முன்னால் ஒரு கோயில் கோபுரமோ மலையோ ஏரியோ இருக்கும். பின்னால் வானம் முழுக்க ஐம்பது, அறுபது ஒளிக்கோடுகள் சீறிப் பாயும். படத்தின் கீழே ஒரு கேள்வி: "இது நிஜமா?" கேட்கிறவர்கள் சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், பள்ளிக்கால நண்பர்கள். நான் இரவு வானத்தைப் படம் எடுப்பவன், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி அனுப்புகிறார்கள். ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிந்தால் எவ்வளவோ நிம்மதி. நிஜம் என்று சொன்னால் அன்றிரவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார்கள். பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்றும் விழவில்லையே என்று இறங்கிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பிள்ளைகளை வானம் பார்க்கக் கூப்பிட்டால் வர மாட்டார்கள். பொய் என்று சொன்னால், விடிய விடியப் பனியில் கிடந்து, அப்புறம் நாள்கணக்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒருவர் செய்த வேலையை ஒரே அடியாகத் தள்ளியதாகிவிடும்.

எரிமீன் பொழிவு, அதாவது எரிநட்சத்திர மழை, என்று நாம் பார்க்கும் படங்கள் ஏறக்குறைய எல்லாமே பல மணி நேரம் எடுத்த படங்களிலிருந்து எரிமீன்களை மட்டும் பிரித்தெடுத்து ஒரே வானத்தில் சேர்த்தவை. காம்போசிட் என்பார்கள். இப்படிச் சேர்ப்பது சரியா, சரி என்றால் எதுவரை சரி என்ற கேள்வி என்னை நெடுநாள் அரித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நின்று நானே பேசிப் பார்த்திருக்கிறேன். ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடப் பெண் கேட்ட கேள்விக்குப் பிறகுதான் எனக்கென்று ஒரு முடிவு கிடைத்தது.

கண் பார்ப்பதும் கேமரா பார்ப்பதும்

ஜெமினிட்ஸை எடுத்துக்கொள்வோம். வருடத்தின் மிகச் செழிப்பான பொழிவு. டிசம்பர் 13, 14இல் உச்சம். மணிக்கு 120 முதல் 150 எரிமீன்கள் என்று செய்திகளில் போடுவார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு நிபந்தனை உண்டு. வானம் கும்மிருட்டாக இருக்க வேண்டும், எரிமீன்கள் கிளம்புவதுபோலத் தெரியும் புள்ளி (ஜெமினிட்ஸுக்கு அது புனர்பூச நட்சத்திரங்களின் பக்கம்) நேர் உச்சியில் இருக்க வேண்டும், பார்க்கிறவர் கண்ணுக்கு வானத்தில் எதுவும் தடையாக இருக்கக் கூடாது. அப்படியானால்தான் அந்தக் கணக்கு. நல்ல மலையில், நிலா இல்லாத இரவில், கண்ணுக்கு நிமிடத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிய விருந்து. அதுவும் சீராக வராது. ஐந்து நிமிடம் ஒன்றுமே இருக்காது, அப்புறம் மூன்று சேர்ந்தாற்போல் ஓடும். சென்னையின் மொட்டை மாடியில் ஒரு மணி நேரத்துக்கு ஐந்தாறு பார்த்தால் அதிர்ஷ்டம்.

கேமராவுக்கு இதைவிடக் குறைவுதான் கிடைக்கும். முதல்முறை முயல்கிறவர்கள் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா திறந்திருக்கும் நேரத்தை, நீட்டினால் எரிமீன் பளிச்சென்று பதியும் என்று நினைப்பார்கள். அது நடக்காது. ஒரு எரிமீன் அரை வினாடி, மிஞ்சினால் ஒரு வினாடி இருக்கும். சென்சாரின் ஒரு புள்ளியை அது கடந்துபோவது இன்னும் சின்ன நேரம். நீங்கள் 10 வினாடி திறந்து வைத்தாலும் 30 வினாடி திறந்து வைத்தாலும் அந்தப் புள்ளியில் விழும் எரிமீன் ஒளி அதேதான். வானத்தின் பின்னணி வெளிச்சம் மட்டும் கூடிக்கொண்டே போய் எரிமீனை விழுங்கிவிடும். கைகொடுப்பது அகலத் திறக்கும் லென்ஸும், மங்கலான ஒளியையும் தூக்கிக் காட்டும் ஐஎஸ்ஓ அமைப்பும்தான். எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரிது; எஃப் 1.8 லென்ஸ் பிடிக்கும் மங்கலான எரிமீனை எஃப் 4 லென்ஸ் தவறவிடும். இந்த விஷயத்தில் ஜெமினிட்ஸ் நமக்குச் சாதகமானவை. வினாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. ஆகஸ்டில் வரும் பெர்சீட்ஸ் 59, நவம்பரின் லியோனிட்ஸ் 71. வேகம் குறைந்த எரிமீன் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியிலும் சற்றுக் கூடுதலாகத் தங்கும், கோடு அழுத்தமாக விழும். பெர்சீட்ஸ் நமக்கு இன்னொரு வகையிலும் எட்டாக்கனி. தென்மேற்குப் பருவமழை மேகம் ஒரு பக்கம். நம் ஊரிலிருந்து அது கிளம்பும் புள்ளி வடக்கே தாழ்வாகவே நிற்பது இன்னொரு பக்கம்.

ஆக, இரவு முழுக்க விடாமல் எடுத்த படங்களில் பெரும்பாலானவை வெறும் நட்சத்திரங்கள். எரிமீன் விழுந்த படங்களிலும் தனித்தனியாக ஒவ்வொன்றுதான் இருக்கும். அதில் எந்தப் படத்தை எடுத்துக் காட்டினாலும், அந்த இரவு முழுக்க அங்கே கிடந்தவர், "இது இல்லையே நான் பார்த்தது" என்பார். அவர் பார்த்தது ஒரு பொழிவு. நாலு மணி நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தவற்றை நினைவு தானாகவே சேர்த்து வைத்துக்கொள்கிறது. அந்த நினைவுக்கு நெருங்கியது தனிப்படமா, காம்போசிட்டா என்று கேட்டால் காம்போசிட் என்றுதான் நான் சொல்வேன். சேர்ப்பதே தவறு என்கிற கட்சியோடு என்னால் நிற்க முடியாததற்கு இதுதான் காரணம்.

அதே சமயம், வரும் படங்களில் பலவற்றைப் பார்த்தால் வயிறு எரிகிறது. டிசம்பர் எரிமீன் என்று சொல்லி, பின்னால் பால்வெளியின் பருத்த மையப்பகுதி ஜொலிக்கும். அந்தப் பகுதி தனுசு ராசியில் இருக்கிறது; டிசம்பரில் சூரியன் அந்தப் பக்கம்தான் நிற்கும். பகலில் உதித்துப் பகலில் மறையும் வானத்தை நள்ளிரவில் எவரும் எடுக்க முடியாது. இன்னும் சிலவற்றில் புனர்பூச நட்சத்திரங்கள் படத்துக்குள்ளேயே தெளிவாக இருக்கும், கோடுகளோ அதைச் சட்டை செய்யாமல் எல்லாம் ஒரே சாய்வில், ஒரே நீளத்தில் விழும். ஒரே எரிமீனை நகல் எடுத்து நாலு இடத்தில் ஒட்டிய படமும் பார்த்திருக்கிறேன். நுனி, நடு, வால், பச்சை மாறி வெள்ளையாகும் இடம் எல்லாம் நாலிலும் அச்சு அசலாக இருந்தன.

சாமைக் களத்தில்

சில வருடங்களாக டிசம்பரில் நான் போவது ஜவ்வாது மலைக்கு. ஆலங்காயத்திலிருந்து மேலே ஏறும் சாலை. வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் அந்த வழியில்தான். 1986இல் தொடங்கி வைக்கப்பட்ட அதன் 2.3 மீட்டர் தொலைநோக்கி இன்றும் அங்கே இயங்குகிறது. அந்த மலையை அவர்கள் தேர்ந்தெடுத்த காரணம்தான் எனக்கும்: இருட்டு. முன்போல இல்லை, வாணியம்பாடிப் பக்கமும் திருப்பத்தூர்ப் பக்கமும் அடிவானத்தில் வெளிச்சம் ஏறிக்கொண்டே வருகிறது. ஆனாலும் உச்சி வானம் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை கடைசி மூச்சு விடும் காலம் என்பதால் மேகம் எந்த நேரமும் வரலாம். வந்தால் தூங்கிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நான் தங்கும் வீட்டுக்காரர் சாமையும் கொஞ்சம் பலாவும் வைத்திருப்பவர். வீட்டுக்கு மேற்கே கதிரடிக்கும் களம், அதை ஒட்டி ஒரு பெரிய புளியமரம். அந்த முறை களத்து நடுவில் டிரைபாடை நிறுத்தி, 14 மி.மீ. லென்ஸை மேற்கு வானத்துக்கு நிமிர்த்தி வைத்தேன், மரத்தின் தலை படத்தின் அடியில் வரும்படி. ரேடியன்டை, அதாவது எரிமீன்கள் கிளம்புவதுபோலத் தெரியும் அந்தப் புள்ளியை, படத்தின் நடுவில் வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. அதன் அருகே விழுபவை நம்மை நோக்கியே வருவதால் குட்டையாக இருக்கும். தள்ளிப் போகப் போகத்தான் கோடு நீளும்.

இந்த வேலையில் பொறுமை வேண்டிய கட்டம் ஃபோகஸ். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்ப முடியாது. திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். நட்சத்திரம் முதலில் ஊதிய உருண்டையாக இருக்கும், சுருங்கிக்கொண்டே வரும், ஒரு கட்டத்தில் சுற்றிலும் லேசான ஊதா விளிம்பு தெரியும், அது மறைகிற இடத்தில் நிறுத்தி, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிட வேண்டும். கை பட்டு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அந்த இரவு போச்சு. அடுத்த எதிரி பனி. மலையில் டிசம்பர் நள்ளிரவில் லென்ஸ் முகப்பில் பனி படிவது கண்ணுக்குத் தெரியாது. படத்தில் நட்சத்திரங்கள் பஞ்சு பஞ்சாகத் தெரியும்போதுதான் தெரியும். பவர்பேங்கில் ஓடும் சூடேற்றும் பட்டை ஒன்றை லென்ஸைச் சுற்றிக் கட்டிவிடுவேன். அப்புறம் ஐஎஸ்ஓ 3200, 15 வினாடி, தானாக அடுத்தடுத்துப் படம் எடுக்கவைக்கும் இன்டர்வலோமீட்டரில் இடைவெளி ஒரு வினாடி. பித்தானை அழுத்திவிட்டால் கேமரா தன் வேலையைப் பார்க்கும். நாம் பாயில் மல்லாந்து படுத்து நம் வேலையைப் பார்க்கலாம்.

வீட்டுக்காரரின் மகள் எட்டாம் வகுப்பு. போர்வையைச் சுற்றிக்கொண்டு அவளும் வந்து படுத்தாள், திண்ணையில் அவள் பாட்டி. எரிமீன் பார்த்தால் பூவின் பெயர் சொல்ல வேண்டும் என்பது பாட்டியின் கட்டளை. இல்லாவிட்டால் மறதி வந்துவிடுமாம். முதல் ஒரு மணி நேரம் மல்லி, முல்லை, கனகாம்பரம் என்று சுலபமாகப் போனது. நள்ளிரவு தாண்டியதும் எரிமீன்கள் கூடிவிட்டன, பூக்கள் தீர்ந்துவிட்டன. பூசணிப்பூ, முருங்கைப்பூ என்று தோட்டத்துக்கு இறங்கினாள். மூன்று மணி சுமாருக்கு, ரோகிணியை ஒட்டிக் கிளம்பிய ஒன்று, மேற்கே சரிந்து, போகப் போகப் பெருத்து, கடைசியில் மரத்தின் மேல் வெடித்ததுபோல ஒரு மின்னு மின்னி அணைந்தது. களத்தில் எங்கள் நிழல் விழுந்தது. அது போன தடத்தில் சில வினாடிகள் மங்கலான புகைக்கோடு நின்றது. "புளியம்பூ!" என்று கத்தினாள். திண்ணையில் பாட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் பார்த்தது இதுல எது?"

ஊருக்குத் திரும்பி எரிமீன் உள்ள படங்களைப் பிரித்தேன். இதில் கண்ணுக்கு நல்ல பயிற்சி வேண்டும். விமானம் என்றால் கோட்டோடு புள்ளி புள்ளியாக விளக்கு மின்னும். செயற்கைக்கோள் ஒரே தடிமனில் சீராகப் போகும், அடுத்தடுத்த படங்களிலும் தொடரும். ஸ்டார்லிங்கின் இணையச் செயற்கைக்கோள்கள் வந்தபிறகு இவை பெருகிவிட்டன. எரிமீன் இரண்டு பக்கமும் கூராகும், நடுவில் தடிக்கும், அந்த ஒரே படத்தோடு முடிந்துவிடும். பெரும்பாலும் ஒரு முனையில் பச்சை தெரியும். காற்றின் ஆக்சிஜனும் கல்லில் உள்ள மெக்னீசியமும் தரும் நிறம் அது.

அப்புறம்தான் உண்மையான முடிவு எடுக்க வேண்டிய இடம். வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. கையை முழுக்க நீட்டி ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் விரித்தால் வரும் இடைவெளி அது. இரவு பதினொன்றுக்கு விழுந்த எரிமீனையும் மூன்றுக்கு விழுந்த எரிமீனையும் ஒரே படத்தில் வைக்க வேண்டும் என்றால் எதை அசையாமல் பிடித்துக்கொள்வது? மண்ணையா, நட்சத்திரங்களையா? மண்ணைப் பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு எரிமீனும் மரத்துக்கு எந்த இடத்தில் விழுந்ததோ அங்கேயே இருக்கும்; ஆனால் அதன் பின்னால் இருந்த நட்சத்திரங்கள் மாறிப்போயிருக்கும். நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு படத்தையும் துருவ நட்சத்திரத்தை அச்சாக வைத்துத் திருப்பி, அடிப்படையாக வைத்த படத்தின் நட்சத்திரங்களோடு பொருத்த வேண்டும். அப்போது மண் கலைந்துவிடும்.

நான் இரண்டு மணிக்கு எடுத்த படத்தை அடிப்படையாக வைத்தேன். அந்த நேரத்தில் புனர்பூசம் நன்றாக மேலேறி நிற்கும். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பொருத்தினேன். ஆரம்பத்தில் ஒன்றும் புரியாது. ஏழெட்டு எரிமீன்கள் சேர்ந்தபோது மெல்ல ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பித்தது. முழுதும் சேர்ந்ததும், ஒவ்வொரு கோட்டையும் பின்னுக்கு நீட்டினால் எல்லாம் படத்தின் மேலோரத்தில், புனர்பூசத்தின் காஸ்டர் நட்சத்திரத்தின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தன. நேரான தண்டவாளத்தில் நின்று பார்த்தால் இரண்டு கம்பிகளும் தூரத்தில் ஒரு புள்ளியில் கூடுவது போலத் தெரியுமே, அதே கணக்கு. ஃபேதான் என்ற சிறுகோள் சூரியனை 1.4 வருடத்துக்கு ஒருமுறை சுற்றும் பாதையில் உதிர்த்துவிட்ட துகள்கள் இவை. எல்லாம் இணையாகத்தான் வருகின்றன, நமக்குத்தான் ஒரு புள்ளியிலிருந்து விரிவதுபோலத் தெரிகிறது. 1983இல் ஐராஸ் செயற்கைக்கோளின் படங்களில் ஃபேதான் கிடைத்தபோது, அதன் பாதையும் ஜெமினிட்ஸின் பாதையும் ஒன்று என்று சொன்னவர் வானியலாளர் ஃபிரெட் விப்பிள். அன்றுவரை இந்தப் பொழிவுக்குத் தாய் யார் என்றே தெரியாது. அந்தப் பாதையின் திசை என் லேப்டாப் திரையில் கோடு கோடாக எழுந்து நின்றது. இரண்டு கோடுகள் மட்டும் எங்கோ வேறு திசையைக் காட்டின. அவை ஜெமினிட்ஸ் அல்ல, வழிப்போக்கர்கள். எந்த இரவிலும் அப்படிச் சில விழும். அழகுக்காக அவற்றை நீக்குகிறவர்கள் உண்டு. நான் விட்டுவைத்தேன்.

படத்தை வீட்டுக்காரரின் போனுக்கு அனுப்பினேன். சாயங்காலம் அழைப்பு வந்தது. மகள் பேசினாள்.

"மாமா, இதுல நான் பார்த்தது எது? புளியம்பூ?"

ரோகிணிக்குப் பக்கத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் தடித்த கோடு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பெரிதாக்கிப் பார்க்கிறாள் என்று புரிந்தது.

"அது மரத்து மேலதானே போச்சு? இதுல எங்கயோ உசரத்துல இருக்கு. மரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே."

அவள் சொன்னது முழுக்கச் சரி. மூன்று மணிக்கு மரத்தின் தலையைத் தொட்ட எரிமீன், இரண்டு மணி வானத்தில் வைக்கும்போது 15 பாகை மேலே போய்விட்டது. ரோகிணியை ஒட்டிய அதன் இடம் துளியும் மாறவில்லை. மரத்தை ஒட்டிய இடம் போய்விட்டது. இரவு முழுக்க வானத்தையே பார்த்துக் கிடந்த ஒரு பிள்ளைக்கு, அந்த எரிமீனின் முகவரி புளியமரம். என் படம் அந்த முகவரியைக் கிழித்துப் போட்டிருந்தது. அதே இரவு எடுத்த அந்த ஒற்றைப் படத்தை, ஒன்றும் திருப்பாமல், நேரத்தை மட்டும் மூலையில் எழுதி அனுப்பினேன். "இதான்!" என்றாள். அப்புறம் அவளே கேட்டாள்: "அப்ப அந்தப் பெரிய படம் எதுக்கு மாமா?"

நட்சத்திரங்களை ஏன் விடக்கூடாது

பெரிய படம் எதற்கு? அவளுக்குப் போனில் சொன்ன பதிலைவிட நீளமாக இங்கே சொல்லத் தோன்றுகிறது.

1833 நவம்பர் 13 விடியற்காலை வட அமெரிக்காவில் லியோனிட்ஸ் கொட்டித் தீர்த்தது. உலகம் முடியப்போகிறது என்று மக்கள் வீதிக்கு ஓடிவந்தார்கள். யேல் கல்லூரியின் டெனிசன் ஓம்ஸ்டெட் அன்று கவனித்ததும், பிறகு பத்திரிகை வழியாகப் பலரிடம் கேட்டுத் திரட்டியதும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. எல்லா எரிமீன்களும் சிம்ம ராசியில் ஒரு புள்ளியிலிருந்து விரிந்தன. நேரம் போகப் போக அந்தப் புள்ளி சிம்மத்தோடு சேர்ந்தே மேற்கே நகர்ந்தது. பூமியோடு நின்றுவிடவில்லை. நம் காற்றில் உண்டாகிற ஏதோ ஒன்று என்றால் அது நம்மோடு சுழன்றிருக்க வேண்டும். நட்சத்திரங்களோடு போகிறது என்றால் வெளியிலிருந்து வருகிறது என்று பொருள். எரிமீன் விண்வெளியிலிருந்து வருகிறது என்பதை மனிதன் தெளிவாகப் புரிந்துகொண்டது இப்படித்தான், நட்சத்திரங்களுக்கு நடுவே அதன் இடத்தைக் கவனித்துத்தான்.

அந்த இரவைக் காட்டும் புகழ்பெற்ற செதுக்கோவியம் ஒன்று உண்டு. ஊரின் வீடுகளுக்கு மேல் நூற்றுக்கணக்கான கோடுகள் ஒன்றாக இறங்கும். பாடப்புத்தகம், பத்திரிகை என்று எங்கும் அதுதான். அது வெளிவந்தது 1889இல். மூல ஓவியத்தை வரைந்த சுவிட்சர்லாந்துக்காரர் கார்ல் யௌஸ்லின் 1833இல் பிறக்கவே இல்லை. அந்த இரவைப் பார்த்த ஒருவர் நினைவிலிருந்து சொன்னதை வைத்து வரைந்தது. மக்களின் பயமும் பிரமிப்பும் அதில் இருக்கின்றன, அதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் அதைப் பார்த்து ஓம்ஸ்டெட் கண்டதை ஒருவர் கண்டுபிடிக்க முடியாது. சிம்மம் எங்கே என்று அதில் தேடினால் கிடைக்காது. இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் பெரும்பாலானவை இந்த ஓவியத்தின் வாரிசுகள்.

நம்மிடம் இதைவிடப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார் ஒரு பங்குனி நள்ளிரவில் எரிமீன் விழுந்ததைச் சொல்கிறார். அதைக் கண்டு சேரமன்னனுக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சினார். ஏழாம் நாள் மன்னன் இறந்தான். பாட்டின் துக்கத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்துவது அதன் தொடக்கம். எரிமீனைச் சொல்வதற்கு முன்னால் அவர் வானத்தைச் சொல்கிறார். உச்சியில் இருந்த மீன் சாய்கிறது, அதற்கு எட்டாவது மீன் எதிரே எழுகிறது, பழைய மீன் மேற்கே துறையில் படிகிறது. பழைய உரை இவற்றை உத்தரம், மூலம், மிருகசீரிடம் என்கிறது. எந்த நாளின் வானத்தையும் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் போட்டுப் பாருங்கள்: உத்தரம் உச்சிக்கு வரும்போது தென்கிழக்கே விருச்சிகத்தின் வாலான மூலம் எழும், மேற்கே ஓரியனின் தலையான மிருகசீரிடம் அடிவானத்தில் இறங்கும். அத்தனையும் பொருந்துகிறது. அப்புறம்தான், கிழக்கேயும் போகாமல் வடக்கேயும் போகாமல் ஒரு மீன் விழுந்தது என்கிறார். துடித்துப்போயிருந்த ஒரு மனிதர், விழுந்த இடத்தை இவ்வளவு கவனமாகக் குறித்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறார்.

அந்தப் பாட்டையும் ஓம்ஸ்டெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு என் முடிவு உறுதியாகிவிட்டது. காம்போசிட்டில் நேரத்தைச் சுருக்கலாம். நாலு மணி நேரத்தை ஒரே படத்தில் அடைக்கலாம், அப்படிச் செய்ததாகச் சொல்லிவிட வேண்டும். இடத்தைத் தொடக்கூடாது. எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் விழுந்ததோ அங்கேதான் இருக்க வேண்டும். காலியாக இருக்கும் மூலையை நிரப்ப நகர்த்தக்கூடாது, சாய்க்கக்கூடாது, நீட்டக்கூடாது, இன்னொரு வருடத்து எரிமீனைக் கடன் வாங்கக்கூடாது. இந்த ஒரு கட்டுப்பாட்டுக்குள் நின்ற படத்தில், படம் எடுத்தவருக்கே தெரியாத உண்மையைக்கூடப் பார்க்கிறவர் தோண்டி எடுக்கலாம். ரேடியன்ட் எங்கே என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அவரே கண்டுபிடிக்கலாம். இடத்தை மாற்றிய படத்தில், எடுத்தவர் போட்டதைத் தவிர வேறொன்றும் இல்லை.

இதற்கு மேல் ஒரு நுணுக்கம் உண்டு. நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் இடமும் நான் நின்ற இடத்தைப் பொறுத்ததுதான். எரிமீன் எரிவது தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில். அன்றைக்கு எனக்கு ரோகிணிக்குக் கீழே ஓடியது, பெங்களூரில் அதே நேரம் பார்த்தவருக்கு வேறு நட்சத்திரங்களுக்கு நடுவே, இன்னும் உயரத்தில் ஓடியிருக்கும். இந்த வித்தியாசம்தான் எரிமீனின் உயரத்தையும் பாதையையும் தருகிறது. முதல் எரிமீன் புகைப்படம் 1885 நவம்பர் 27இல் பிராக் நகரில் லாடிஸ்லாஸ் வைனெக் எடுத்தது. அதிலிருந்து அரை நூற்றாண்டு கழித்து, 1936இல், ஹார்வர்டில் அதே விப்பிள் இரண்டு இடங்களில் கேமரா வைத்து ஒரே எரிமீனை எடுக்கத் தொடங்கினார். லென்ஸுக்கு முன்னால் சுழலும் தகடு ஒன்று கோட்டைத் துண்டு துண்டாக வெட்டும். துண்டின் நீளத்தை வைத்து வேகம் தெரியும். நகர்த்தப்படாத, நேரம் குறித்த ஒரு படம் எவ்வளவு பேசும் என்பதற்கு அவருடைய படங்களே போதும். அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு காம்போசிட்டோடும் அதில் உள்ள எரிமீன்களின் நேரப் பட்டியலையும் போட்டுவிடுகிறேன். யாராவது ஒருவர் வேறு ஊரிலிருந்து அதே எரிமீனை எடுத்திருக்கலாம்.

சரி, புளியமரம்? அதை விட்டுக்கொடுக்கவும் எனக்கு மனமில்லை. அந்தப் பெண் கேட்டது சின்ன விஷயமே அல்ல. வானத்தைப் பார்க்கிற எவரும் தரையில் நின்றுதான் பார்க்கிறார். காம்போசிட்டின் கீழே ஒரு மரத்தையோ கோபுரத்தையோ வைத்துவிட்டு, எல்லா எரிமீனும் அதன் மேல் விழுந்ததாகக் காட்டுவது எனக்கு இனி உறுத்தும். மண்ணைக் காட்ட வேண்டுமானால் அது அடிப்படைப் படம் எடுத்த அந்த நிமிடத்து மண் என்று எழுதிவிடுகிறேன். மரத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டிய எரிமீனுக்கு ஒற்றைப் படம். இரண்டையும் ஒன்றாக்கப் பார்ப்பதில்லை. பார்ப்பவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, வானம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வி வரும்போது எனக்கு உண்டாகும் சந்தோஷம் எத்தனை லைக் வந்தாலும் வருவதில்லை.

2024இல் ஜெமினிட்ஸ் உச்சமும் திருவண்ணாமலை தீபமும் ஒரே நாள், டிசம்பர் 13. தீபம் என்றால் பௌர்ணமியை ஒட்டித்தான். நிலா வெளிச்சத்தில் எரிமீன்கள் கரைந்துபோயின. 2026 அப்படியில்லை. டிசம்பர் 9இல் அமாவாசை, 13ஆம் தேதி வளர்பிறை நிலா இரவு பத்து மணிவாக்கில் மறைந்துவிடும். புனர்பூசம் அதற்குள் கிழக்கே நன்றாக ஏறியிருக்கும். இரண்டு கேமரா கொண்டுபோவதாக இருக்கிறேன். ஒன்று நட்சத்திரங்களோடு கூடவே திரும்பும் டிராக்கரில். இன்னொன்று அசையாமல் மரத்தைப் பார்த்தபடி. நேரமும் எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் என்பதும் நோட்டில் எழுதுவது அவள் பொறுப்பு என்று இப்போதே சொல்லிவிட்டேன். ரோகிணி, திருவாதிரை, கார்த்திகை மூன்றும் அவளுக்கு அடையாளம் தெரியும்; புனர்பூசத்தை நவம்பருக்குள் கற்றுக்கொள்கிறேன் என்றிருக்கிறாள்.